பிரேக் சத்தம்: உள் பக்க பேடையும் பாருங்க

ரெண்டு வாரமா கார்ல முன் இடது வீல்ல இருந்து கீச்சுன்னு ஒரு சத்தம். காலைல முதல் நாலஞ்சு பிரேக்குக்கு மட்டும் சரசரன்னு வந்து நின்னுட்டா அது ராத்திரி ஈரத்துல டிஸ்க் (வீலோட சேந்து சுத்துற இரும்பு வட்டு) மேல பிடிச்ச லேசான துரு, தானா தேஞ்சு போயிடும், ஆனா எனக்கு நாள் பூரா வந்துச்சு. வீல் கம்பி இடைவெளி வழியா டார்ச் அடிச்சு பாத்தேன், வெளி பக்க பேட் (டிஸ்க்கை ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்குற கட்டைகள்ல ஒண்ணு) நல்லாவே தடிமனா இருந்துச்சு, சரி தூசியா இருக்கும்னு விட்டுட்டேன், அதுதான் தப்பு.

வீலை கழட்டினப்போதான் தெரிஞ்சுது, உள் பக்க பேட் 2 மில்லிமீட்டர் கூட இல்ல. பேடை டிஸ்க் மேல அழுத்துற பாகம்தான் காலிப்பர், அது நகர்ற ஸ்லைடு பின் (கம்பி மாதிரி இருக்கும்) கிரீஸ் காஞ்சு இறுகிடுச்சு, அதனால காலிப்பர் சரியா நகராம உள் பேட் மட்டுமே தேஞ்சிருக்கு. அந்த கீச் சத்தம் பேட்ல இருக்குற சின்ன இரும்பு தகடு டிஸ்க்ல உரசுறது, பேட் தீரப்போகுதுன்னு சொல்லத்தான் அதை வைக்குறாங்க. எல்லா பேட்லயும் இருக்காது, அதனால சத்தம் இல்லன்னாலும் அப்பப்போ பாத்துடுங்க.

கரகரன்னு அரைக்குற சத்தம் வந்தா தயவுசெஞ்சு ஓட்டாதீங்க, இரும்போட இரும்பு உரசுது, டிஸ்க்கும் போயிடும், வண்டி நிக்குற தூரமும் கூடிடும். பிரேக் தொடாமலே உரசல் சத்தம் வந்தா டிஸ்க்குக்கும் பின்னாடி இருக்குற தகட்டுக்கும் நடுவுல கல்லு மாட்டியிருக்கான்னு பாருங்க. மேடு பள்ளத்துல டொக்குன்னு சத்தம் வந்தா பேட் கிளிப், காலிப்பர் போல்ட் லூஸா இருக்கான்னு பாருங்க.

நான் ரெண்டு பக்கமும் பேட் மாத்தி, ஸ்லைடு பின்னுக்கு புது கிரீஸ் வெச்சாச்சு, இப்போ சத்தமே இல்ல.