நான்கு வாரம் முட்டி போட்ட கதை

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் முட்டி போடச் சொன்னதுதான் கடைசி. முப்பது வருஷம் கழித்து, பதினோராயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து நானே வண்டி வாங்கி நான்கு வாரத்துக்கு முட்டி போட்டேன். காலில் அடிபட்டு 'நீ ஸ்கூட்டர்' (knee scooter, முழங்காலை மடக்கி வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற வண்டி) வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள், அதுவும் நம்ம ராமநாதபுரம் கடலோரத்து ஆட்கள், காசைக் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வண்டி நல்ல வண்டிதான். ஆனால் மணல் இல்லாத ஊருக்காகச் செய்த வண்டி.

மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீடு பாம்பன். 2025 மார்ச் 27 காலையில் லோடு எண்ணிக்கொண்டிருந்தபோது சறுக்குப் பலகையில் வந்த பார் ஐஸ் ஒன்று பக்கவாட்டில் திரும்பி என் இடது பாதத்தில் இறங்கியது. எங்கள் கம்பெனியில் ஒரு பார் ஐம்பது கிலோ. ராமநாதபுரத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பாதத்தில் மூன்று எலும்பில் விரிசல், விலகவில்லை, ஆபரேஷன் வேண்டாம், முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு, ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. அதுவரை எந்தக் குறையும் இல்லை.

குறை வீட்டு வாசலில் ஆரம்பித்தது. அக்குள் கட்டை இரண்டையும் ஊன்றி ஆட்டோவிலிருந்து இறங்கினேன். வலது கட்டை மணலில் ஒரு சாண் புதைந்தது, நான் அதற்குப் பின்னாலேயே போனேன். கட்டுப் போட்ட கால் தரையில் படாமல் மச்சினன் பிடித்துக்கொண்டான். கட்டையில் இன்னொரு தொல்லை, இரண்டு கையும் மாட்டிக்கொள்ளும். அடுப்படியிலிருந்து ஒரு டீ டம்ளரைத் திண்ணைக்குக் கொண்டுவர முடியாது. "என்னங்க, டீ வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு மனைவி வேலைக்குப் போய்விடுவாள். டீ அங்கே, நான் இங்கே. ஏப்ரல் 6-ஆம் தேதி புது ரயில் பாலத்தைத் திறந்தபோது ஊரே பாலத்தடிக்குப் போனது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்ததை நான் டிவியில் பார்த்தேன்.

கட்டுப் போட்ட அன்றைக்கே அங்கிருந்த சின்ன டாக்டர் ஒருவர் போனில் ஒரு படம் காட்டியிருந்தார். சைக்கிள் மாதிரி ஹேண்டில்பார், நான்கு சக்கரம், நடுவில் ஒரு மெத்தை. அடிபட்ட காலை மடக்கி முழங்காலை மெத்தையில் வைத்து, நல்ல காலால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ராமநாதபுரத்தில் மூன்று சர்ஜிக்கல் கடையில் கேட்டோம். ஒருவர் வீல்சேர் காட்டினார், ஒருவர் வாக்கர் காட்டினார், மூன்றாமவர் "குழந்தைக்கா சார்?" என்று கேட்டார். மதுரையில் வாடகைக்கு இருந்தது, ஆனால் ஊருக்கு வெளியே அனுப்ப மாட்டார்களாம். சரி, ஆன்லைனில் போடலாம் என்று மச்சினனிடம் சொன்னேன். அவன் போனில் தேடிவிட்டு நிமிர்ந்து பார்த்து, "மச்சான், நீ ஸ்கூட்டரா, நான் ஸ்கூட்டரா?" என்றான். இந்த ஜோக்கை அப்புறம் குறைந்தது நாற்பது பேர் என்னிடம் புதிதாகச் சொன்னார்கள்.

அவன் போனிலிருந்து ஆர்டர் போட்டதுதான் நான் செய்த முதல் தப்பு.

ஒன்பதாம் தேதி கூரியர் ஆபீஸிலிருந்து போன். பெரிய பெட்டி, பாலம் தாண்டி வண்டி வராது, ராமநாதபுரத்துக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள், அடையாள அட்டை கொண்டுவாருங்கள் என்றார்கள். வாசல் வரை கொண்டுவந்து தருவதாகத்தான் ஆர்டரில் போட்டிருந்தது. அதைச் சொன்னால், "பாம்பனுக்கு நாங்க வர்றதில்ல சார்" என்று ஒரே பதில். கட்டையோடு பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டருக்கு மேல், கட்டுக் காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டு. ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லோரிடமும் "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

கவுன்டரில் இருந்த தம்பி ஆதாரைப் பார்த்தார், பெட்டியையும் காட்டினார். அப்புறம் "ஓடிபி சொல்லுங்க சார்" என்றார்.

ஓடிபி மச்சினன் போனுக்குப் போயிருந்தது. மச்சினன் அன்று விடியற்காலையில் விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தான். படகு மறுநாள் காலையில்தான் திரும்பும். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே டவர் கிடைக்காது. இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். பெட்டியில் என் பெயர், என் விலாசம், கையில் என் ஆதார், எதிரில் மாவுக்கட்டோடு நான். "வேற நம்பருக்கு அனுப்ப முடியாது சார், சிஸ்டம் ஒத்துக்காது" என்றார். கடலுக்குப் போனவனைக் கூப்பிட முடியாது என்பது இந்த மாவட்டத்தில் ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கே புரியவில்லை என்றால் நான் என்ன சொல்வது? பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். போகவர பஸ், ஆட்டோ, ஒரு முழு நாள், அக்குளில் இரண்டு பக்கமும் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

மறுநாள் கரை சேர்ந்த கையோடு, மீன் வாடையோடு, மச்சினனே போய் எடுத்துவந்தான். பஸ்ஸில் பெட்டிக்கு லக்கேஜ் போட்டுவிட்டார்களாம். ஆர்டர் போடும்போது பகல் நேரத்தில் கரையில் இருக்கிற ஆளின் நம்பரைக் கொடுங்கள். வீட்டுப் பெண்கள் நம்பர் உத்தமம்.

வண்டியைப் பொருத்திப் பூட்ட அரை மணி நேரம் ஆனது. அளவு வைப்பதில்தான் இரண்டு நாள் கோட்டைவிட்டேன். மெத்தையைத் தாழ்வாக வைத்துவிட்டேன். ஒவ்வொரு தள்ளுக்கும் இடுப்பு ஒரு பக்கம் இறங்கி ஏறி, இரண்டாம் நாள் ராத்திரி முதுகு விண்விண் என்றது. நல்ல காலில் நேராக நின்று, மடக்கிய முழங்கால் மெத்தையில் இருக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். குனியாமல் கை எட்டுகிற உயரத்தில் ஹேண்டில்பார். நல்ல காலுக்கு ரப்பர் செருப்பு போடாதீர்கள், ஈரத் தரையில் வழுக்கும். பின்னால் வார் வைத்த செருப்புதான் சரி. மெத்தை வாங்கும்போது மெத்தை மாதிரி இருக்கும், ஒரே வாரத்தில் பலகையாகிவிடும். பழைய வேட்டியை நான்காக மடித்துக் கட்டிக்கொண்டேன்.

திரும்பும்போது அகலமாகத் திரும்ப வேண்டும் என்பதை விழுந்துதான் கற்றேன். திண்ணை டைல்ஸில் சைக்கிள் நினைப்பில் சட்டென்று ஒடித்தேன். உள்பக்கச் சக்கரம் தூக்கியது, நான் கவிழ்ந்தேன். கட்டு தரையில் படவில்லை. நல்ல முழங்கால் சிராய்த்தது, ஒரு டம்ளர் உடைந்தது. அதிலிருந்து, நின்று, முன்சக்கரத்தைத் தூக்கி வைத்துத்தான் திரும்புவேன். ஏறும்போதும் இறங்கும்போதும் பிரேக்கைப் பூட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். சரிவில் ஏறி நிற்கவே நிற்காதீர்கள். ஐஸ் கம்பெனி லோடு மேட்டில் பிரேக்கை நம்பி இறங்கிப் பார்த்தேன். பிரேக் பிடித்தது, ஈரத் தரை பிடிக்கவில்லை. சரிவு வந்தால் கட்டையைத் தேடுங்கள். ஆகையால் கட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டுக்குள் மட்டும் வண்டி ராஜா. முன்னால் ஒரு கம்பிக் கூடை உண்டு. மூடி போட்ட சொம்பில் டீயை ஊற்றி, கூடையில் துண்டைச் சுற்றி வைத்து, அடுப்படியிலிருந்து திண்ணைக்கு நானே உருட்டிக்கொண்டு வந்து குடித்த முதல் டீ இருக்கிறதே, பதினைந்து நாளில் நான் யார் உதவியும் இல்லாமல் செய்த முதல் காரியம் அது. ஆறிப்போயிருந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன்.

வாசலைத் தாண்டினால் கதை வேறு. சக்கரம் எட்டு அங்குலம், கெட்டி ரப்பர். பேவர் பிளாக்கில் கடகடவென்று பல் ஆடும், ஆனால் ஓடும். மணலில் முன்சக்கரம் இரண்டும் கலப்பை மாதிரி உழுதுகொண்டு நின்றுவிடும். கொல்லைப்புறம் கழிப்பறைக்குப் போக இருபதடி மணல். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த இருபதடியில் நான் பட்ட பாட்டை எழுத முடியாது. பழுது பார்க்க ஏற்றிய படகொன்றிலிருந்து கழற்றிப்போட்ட பலகைகளை மச்சினன் கொண்டுவந்து வரிசையாகப் பரப்பினான். தார் வாசத்தோடு ஒரு சாலை தயாரானது. தெருப் பிள்ளைகள் வண்டிக்கு 'மண்டி வண்டி' என்று பெயர் வைத்து, பலகை மேல் அவர்களும் ஓட்டினார்கள். காற்றுச் சக்கரம் வைத்த பெரிய மாடலும் விற்கிறது, விலை கூட. கடலோரத்து வீடு என்றால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் பலகைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

மூன்றாம் வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன், இந்த முறை வண்டியோடு, ஆட்டோ பிடித்து. வாசலில் செக்யூரிட்டி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணே, வண்டி உள்ள போகக் கூடாது. ஸ்டாண்டுல போட்டுட்டு டோக்கன் வாங்கிட்டு வாங்க."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. சக்கரம் இருக்கிறது, பிரேக் இருக்கிறது, ஹேண்டில்பார் இருக்கிறது, ஆகவே வண்டி. "இது என் கால் தம்பி" என்றேன். "எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்றார். யார் அந்த எல்லாரும் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. வெயிலில் பத்து நிமிஷம். கடைசியில் பின்னால் நின்ற ஒரு பாட்டி, "ஏப்பா, அந்தத் தம்பி முட்டி போட்டு நிக்கிறது உனக்குக் கண்ணு தெரியலையா?" என்று சத்தம் போட்ட பிறகு வழிவிட்டார். உள்ளே போனால் எக்ஸ்ரே மாடியில், லிப்ட் வேலை செய்யவில்லை. படியில் உட்கார்ந்து, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறினேன். வண்டியைத் தூக்கிவந்தது அதே செக்யூரிட்டிதான், அதையும் சொல்ல வேண்டும். படி இருக்கிற இடத்துக்கு இந்த வண்டி எதற்கும் ஆகாது. கூட ஒரு ஆள் கட்டாயம்.

நான்காம் வாரத்தில் வண்டி கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பின்சக்கரம் ஒன்று சுற்றவே இல்லை. உப்புக்காற்றும் மணலும் சேர்ந்தால் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டாம், எனக்குத்தான் புத்தி வரவில்லை. ராத்திரியெல்லாம் திண்ணையில் நிறுத்திவைத்திருந்தேன். மீன்பிடித் தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு எல்லாம் கரையில். மெக்கானிக் எல்லோருக்கும் மூச்சுவிட நேரமில்லை. எங்களுக்குத் தெரிந்த இன்ஜின் மெக்கானிக் வண்டியைப் பார்த்துவிட்டு, "இருபது படகு வேலை கிடக்கு, இந்தப் பொம்மைய வேற தூக்கிட்டு வந்திருக்கீங்க" என்றார். ஆனாலும் கழற்றினார். பேரிங்கைத் துடைத்தபோது அதன் மேலேயே 608 என்று எண் போட்டிருந்தது. பிள்ளைகள் ஸ்கேட்டிங் சக்கரத்துக்குப் போடுகிற அதே அளவாம். துருப்பிடித்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் இரண்டு பேரிங் புதிதாகப் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் படகு கிரீஸை அப்பினார். காசு வாங்கவில்லை, "பார் ஐஸ் இனிமே தள்ளி நின்னு எண்ணுங்க" என்றார். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் ஈரத்துணியால் துடைத்து, வீட்டுக்குள் நிறுத்தினேன். சத்தம் வரவில்லை.

ஆறு வாரம் முடிந்து மே 8-ஆம் தேதி கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடியிருந்தது, கெண்டைக்கால் பாதியாக இளைத்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றி நடந்து, ஜூன் 15 அன்று படகுகள் இறங்கியபோது கம்பெனியில் நின்றுகொண்டுதான் லோடு எண்ணினேன், பலகைக்கு நான்கடி தள்ளி.

வண்டி இப்போது தங்கச்சிமடத்தில் இருக்கிறது. பைக்கில் விழுந்து வலது கணுக்கால் உடைந்த ஒருவர் கேட்டு வாங்கிப் போனார். மெத்தையைத் திருப்பிப் போட்டால் வலது காலுக்கும் சரியாக இருக்கும். பலகைகளையும் ஒரு குட்டி யானையில் ஏற்றி அனுப்பினேன். சக்கரம் கழற்ற 13-ஆம் நம்பர் ஸ்பானர் ஒன்றும் கொடுத்தேன். அது மெக்கானிக்குடையது, அவர் வாரம் ஒரு தடவை கேட்டுக்கொண்டிருக்கிறார்.