குரோதி வருடத்தில் ஒரு கிரீன் கார்டு

என் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் இல்லை. அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், 'பெண்' என்பது வரை எல்லாம் இருந்தன. பெயர் என்ற கட்டத்தில் மட்டும் ஒரு கோடு. 1996இல் சங்கரன்கோவிலில் நான் பிறந்ததைப் பதிவு செய்தபோது பெயர் வைக்க இன்னும் நாள் இருந்ததாம். கோமதி என்று வைத்த பிறகு, அதைப் போய்ச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடம், கல்லூரி, பாஸ்போர்ட், மாணவர் விசா என்று அத்தனையும் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டன. அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் அது குறுக்கே வந்து நின்றது.

2024 மார்ச் முதல் வாரத்தில் நியூ ஜெர்சியில் எங்களுக்குப் பதிவுத் திருமணம் நடந்தது. உரிமத்துக்கு 28 டாலர் கட்டணம், விண்ணப்பித்த பிறகு 72 மணி நேரக் காத்திருப்பு, ஒரு சாட்சி. மேயர் வாசித்தார், நாங்கள் தலையாட்டினோம், பத்து நிமிடத்தில் முடிந்தது. மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். என் வீட்டார் கைப்பேசித் திரையில் இருந்தார்கள், ஊரில் அப்போது நள்ளிரவு. தாலி கட்டுவது, சாப்பாடு, நாதஸ்வரம் எல்லாம் தை மாதம் ஊரில் என்று பேச்சு. அதை நம்பித்தான் அம்மா அழாமல் இருந்தாள்.

என் கணவர் எட்டு வயதில் பெற்றோருடன் இங்கே வந்தவர், அமெரிக்கக் குடிமகன். குடிமகனின் மனைவி என்றால் வரிசையில் வருடக்கணக்காக நிற்க வேண்டியதில்லை. சட்டப்படி நுழைந்தவர் நாட்டுக்குள் இருந்தபடியே நிரந்தரவாசியாக மாற விண்ணப்பிக்கலாம். நான் படித்து முடித்து, மாணவர்களுக்குக் கிடைக்கும் பயிற்சிக்கால வேலை அனுமதியில் மூன்றாவது வருடமாக ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தேன். எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் மூன்று முறை பெயர் விழவில்லை. அனுமதி 2024 செப்டம்பர் 14 அன்று முடிகிறது. ஆறு மாதம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

முதலில் அந்தக் கோடு. பெயர் சேர்க்கும் கால அவகாசம் பதினைந்து வருடம்தான். ஆனால் அதைத் தவறவிட்டவர்களுக்காகத் தமிழக அரசு அப்போது கெடுவை நீட்டித்திருந்தது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பைக்குள் வைத்துக்கொண்டு அலையத் தொடங்கினார். நான் பிறந்தபோது எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. பாஸ்போர்ட்டில் ஒரு மாவட்டம், புதிய சான்றிதழில் இன்னொரு மாவட்டம். ஊர் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது என்று விளக்கி ஒரு கடிதம் எழுதி இணைத்தேன். அது பற்றி யாரும் கடைசி வரை கேட்கவில்லை.

சான்றிதழ் கையில் வந்தபோது மே மாதம். அதற்குள் ஏப்ரல் 1 அன்று விண்ணப்பக் கட்டணங்கள் ஏறிவிட்டன. மார்ச்சில் அனுப்பியிருந்தால் மனைவிக்காகக் கணவர் போடும் ஐ-130க்கு 535, கிரீன் கார்டுக்கான ஐ-485க்கு 1,225, ஆக 1,760 டாலர். வேலை அனுமதியும் பயண அனுமதியும் அதற்குள்ளேயே அடக்கம். ஏப்ரலுக்குப் பிறகு ஐ-130க்கு 675, ஐ-485க்கு 1,440, வேலை அனுமதிக்கான ஐ-765க்குத் தனியாக 260, பயண அனுமதிக்கான ஐ-131க்கு 630. மொத்தம் 3,005. அந்த ஒரு கோட்டுக்கு நாங்கள் கொடுத்த விலை 1,245 டாலர். அப்பாவிடம் இதை ரூபாயில் மாற்றிச் சொல்லவில்லை.

ஐ-864 என்ற உறுதிமொழிப் பத்திரம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனைவி அரசாங்கத்துக்குப் பாரமாகிவிட மாட்டாள் என்று கணவர் எழுதிக் கொடுப்பது அது. இருவர் உள்ள குடும்பத்துக்கு அந்த வருடம் 25,550 டாலர் ஆண்டு வருமானம் காட்டினால் போதும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு தீராது. நான் குடியுரிமை வாங்கும் வரை, அல்லது நாற்பது காலாண்டு வேலைக் கணக்கு சேரும் வரை, அல்லது நாட்டை விட்டே போகும் வரை அவர் கட்டுப்பட்டவர். அக்கினி சாட்சியை விடக் கெட்டியான கையெழுத்து. கணவர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, போட்டார்.

மருத்துவப் பரிசோதனையை எந்த மருத்துவரிடமும் செய்துகொள்ள முடியாது, இதற்கென்று அங்கீகாரம் பெற்றவரிடம்தான் போக வேண்டும். காசநோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். குழந்தையில் போட்ட பிசிஜி ஊசியால் இதில் குழப்பம் வராது. ஊசி போட்ட அட்டை இருந்தால் தேடி எடுத்துப் போங்கள். என்னிடம் இல்லாததால் எல்லா ஊசியையும் திரும்பக் குத்திக்கொண்டேன். முடிவுகளை வைத்து மருத்துவர் ஒட்டித் தரும் உறையைப் பிரிக்கக் கூடாது.

ஜூன் 10 அன்று, இரண்டு அங்குலத் தடிமனில் விண்ணப்பத் தாள்களின் கட்டு ஒன்றைக் குடிவரவுத் துறைக்கு அனுப்பினோம். ஜூலை முதல் வாரத்தில் ஒரு பெட்டி வந்தது. மேலே ஒற்றைத் தாள், அதன் கீழே எங்கள் கட்டு அப்படியே. நான் போட்ட கறுப்புக் கிளிப்பு கூடப் பத்திரமாக இருந்தது, காசோலைகளும் திரும்பியிருந்தன. ஐ-130இல் கணவரின் கையெழுத்து இல்லை. விவாகரத்துக்கும் அழியாத பத்திரத்தில் அத்தனை அழகாகப் போட்டவர், அடிப்படை மனுவில் விட்டுவிட்டார். நான்தான் சரிபார்த்தேன். பக்க எண்களைச் சரிபார்த்தேன், எழுத்துப் பிழைகளைச் சரிபார்த்தேன், கையெழுத்தைப் பார்க்கவில்லை. மனு விழுந்தால் அதில் தொங்கும் மற்ற எல்லாம் விழும். அன்றிரவு வீட்டில் சமையல் நடக்கவில்லை.

ஜூலை 8 அன்று மறுபடி அனுப்பினோம். இரண்டு வாரத்தில் ரசீதுகள் வந்தன, ஆகஸ்டில் கைரேகை எடுத்தார்கள். செப்டம்பர் 14 வந்தது. வேலை அனுமதி வரவில்லை.

நான் மாதக்கணக்காகத் தவறாகப் புரிந்துகொண்டிருந்த விஷயம் ஒன்று உண்டு. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் நாட்டில் தங்கலாம். வேலை செய்யலாம் என்று பொருள் இல்லை. கையில் அனுமதி அட்டை வரும் நாள் வரை வேலை கிடையாது. ஏற்கெனவே சமூகப் பாதுகாப்பு எண் வைத்திருந்தேனே என்றால், அந்த அட்டையிலேயே 'உள்துறைப் பாதுகாப்பு அனுமதியுடன் மட்டுமே வேலைக்குச் செல்லும்' என்று அச்சடித்திருக்கிறது. மூன்று வருடம் பணப்பையில் வைத்திருந்தும் நான் அதைப் படித்ததில்லை. 'புதுப்பிக்க விண்ணப்பித்தால் 540 நாள் தானாக நீளுமாமே' என்று ஒரு தோழி ஆர்வமாகச் சொன்னாள். 2025 அக்டோபர் வரை இருந்த அந்தச் சலுகை, இருக்கும் வகையிலேயே புதுப்பித்தவர்களுக்கு. என் பழைய அட்டை மாணவர் வகை, கேட்டிருப்பது சி-9 என்ற கிரீன் கார்டு விண்ணப்பதாரர் வகை. இது புதுப்பித்தல் இல்லை, புதிது. மனிதவளத் துறைப் பெண் இதை என்னை விடத் தெளிவாகத் தெரிந்து வைத்திருந்தார். சம்பளமில்லா விடுப்பில் மூன்று மாதம் இடத்தை வைத்திருப்பதாகவும், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றும் சொன்னார். டிசம்பர் 14.

குடிமகனின் மனைவி அனுமதியில்லாமல் வேலை செய்திருந்தாலும் அதற்காகக் கிரீன் கார்டை மறுக்க மாட்டார்கள் என்று பலர் சொல்வார்கள். குடிமகனின் நெருங்கிய உறவுக்குச் சட்டத்தில் அந்த விலக்கு இருப்பது உண்மைதான். மன்னிப்பு இருக்கிறது என்பதற்காகத் தப்பைச் செய்து பார்க்க எனக்குத் துணிவில்லை. வேலை கொடுப்பவருக்கு அந்த மன்னிப்பும் கிடையாது. 'வீட்டில் இருந்தே சென்னைக் கம்பெனிக்குச் செய்யேன்' என்று அம்மா ஒவ்வொரு வாரமும் கேட்டாள். உட்கார்ந்திருக்கும் நாற்காலி அமெரிக்காவில் இருக்கிறதே அம்மா என்று ஒவ்வொரு வாரமும் சொன்னேன்.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் சம்பளமில்லாமல் பாடம் எடுத்தேன். மற்ற நாட்களில் காலை பத்து மணிக்கு இணையத்தில் என் விண்ணப்பத்தின் எண்ணைத் தட்டி நிலையைப் பார்ப்பேன். பிறகு பதினொன்றுக்கு. மூன்று வருடமாகச் சொந்தச் சம்பளத்தில் இருந்துவிட்டு, எடிசனில் ஓக் ட்ரீ சாலைக் கடையில் ஒரு கட்டு முருங்கைக்காயை எடுத்து விலையைப் பார்த்துத் திரும்ப வைத்தேன். கணவர் ஒரு நாளும் கணக்குக் கேட்டதில்லை. கேட்காததும் உறுத்தியது.

நவம்பர் கடைசியில் 'கார்டு தயாராகிறது' என்று நிலை மாறியது. டிசம்பர் 3 அன்று தபால்பெட்டியில் ஒரு மளிகைத் தள்ளுபடித் துண்டறிக்கைக்குள் சொருகிக் கிடந்தது அந்த உறை. துண்டறிக்கையோடு குப்பைக்குப் போயிருக்க வேண்டியது. ஐந்து வருடத்துக்கான அட்டை. எண்பது நாள் வீட்டில் இருந்துவிட்டு, கெடுவுக்குப் பதினோரு நாள் முன்னால், வேலை செய்யும் தகுதியை நிறுவனம் சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்கு அதைக் காட்டி என் பழைய மேசைக்குத் திரும்பினேன்.

வேலை வந்தது, பயண அனுமதி வரவில்லை. இரண்டையும் ஒரே உறையில் அனுப்பினோம் என்பதற்காக இரண்டும் ஒன்றாக வர வேண்டும் என்பதில்லை. பயண அனுமதி கையில் இல்லாமல் என்னைப் போன்றவர் நாட்டை விட்டு வெளியேறினால், கிரீன் கார்டு விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்வார்கள். உயிர் போகிற அவசரமென்றால் அவசரப் பயண அனுமதி கேட்க வழி உண்டு. சொந்தக் கல்யாணத்தை அந்தக் கணக்கில் கொண்டுவர எனக்கு வாய் வரவில்லை.

அப்பா அக்டோபரிலேயே பத்திரிகை அடித்துவிட்டார். ஐந்நூறு. 'நிகழும் மங்களகரமான குரோதி வருடம் தை மாதம்' என்று தொடங்கி, மேலே கோமதி அம்மன் படம், கீழே மண்டபத்தின் பெயர். மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. டிசம்பர் 20 வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, நான்தான் தொலைபேசியில் சொன்னேன். அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, 'சமையல்காரரிடம் மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன், அவர் வேறு தேதி பிடித்துக்கொள்வார்' என்றார். பயண அனுமதி பிப்ரவரியில் வந்தது, மாசி பிறந்த பிறகு.

நேர்காணல் 2025 ஏப்ரலில், நூவர்க்கில். உறவு உண்மையானது என்பதற்குக் கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், வரிப் படிவம், காப்பீட்டில் என் பெயர் என்று எல்லாரும் கொண்டுபோவதைக் கொண்டுபோனோம். சத்தியப் பிரமாணம் எடுத்தபின், படிவத்தின் ஆம்-இல்லை கேள்விகளை அதிகாரி விறுவிறுவென்று கேட்டார். கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்ததுண்டா என்ற கேள்விக்கு இல்லை என்றேன். முப்பது வருடம் தொழிற்சங்கக் கொடி பிடித்த அப்பாவிடம் முன்தினமே இதைச் சொன்னபோது, 'கேள்வி உன்னைப் பற்றித்தானே, தைரியமாகச் சொல்' என்றிருந்தார்.

புகைப்படங்களைப் புரட்டிய அதிகாரி நிறுத்தினார். உங்கள் பெற்றோர் எந்தப் படத்திலும் இல்லையே?

நான் பையிலிருந்து பத்திரிகையை எடுத்தேன். தோழி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும், தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று அவள் கையெழுத்திட்ட உறுதியும் இணைத்திருந்தேன். இதற்கு நோட்டரி தேவையில்லை. மண்டப ரசீதையும் வைத்தேன். தேதி போன ஜனவரியில் இருக்கிறதே என்றார். ஆமாம், அப்போது என்னால் போக முடியவில்லை என்றேன். மொழிபெயர்ப்பில் அப்படியே விட்டிருந்த ஒரு சொல்லில் விரலை வைத்து, இந்த 'குரோதி' என்றால் என்ன என்று கேட்டார். வருடத்தின் பெயர், அறுபது பெயர்கள் சுற்றி வரும், இதற்குக் கோபக்காரன் என்று பொருள் என்றேன். அவர் முதல் முறையாகச் சிரித்தார். அந்தப் பிரதியைக் கோப்புக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் கார்டு வந்தது. திருமணமாகி இரண்டு வருடம் ஆகாததால் நிபந்தனையுடன் கூடிய இரண்டு வருடக் கார்டுதான். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஐ-751 என்ற மனுவைப் போட்டு அந்த நிபந்தனையை நீக்க வேண்டும், அதற்கு 750 டாலர். 2027 ஜனவரியை இப்போதே நாட்காட்டியில் குறித்திருக்கிறேன். கையெழுத்து என்று பக்கத்தில் சிவப்பில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

கல்யாணம் வைகாசியில் நடந்தது, விசுவாவசு வருடம். இந்த முறை அப்பா முன்னூறுதான் அடித்தார். பழைய பத்திரிகைகளின் பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் அம்மா அவற்றை வீணாக்கவில்லை. நான் ஊரில் இறங்கிய அன்று குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒன்று கிடந்தது. துவரம்பருப்பு ஐந்து கிலோ, வெல்லம் மூன்று கிலோ, வாழை இலை கட்டு.