கணக்கில் வராத வரவு

ஒண்ணாம் தேதி காலையில் வாசலில் நின்று, உள்ளங்கையில் இருக்கும் பட்டைத்தூளை வீட்டுக்குள் ஊதினால் பணம் வரும் என்று ஒரு ரீல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிரிஞ்சி இலையில் ஆசையை எழுதிக் கொளுத்துவது, பர்ஸுக்குள் பச்சைக் கற்பூரமும் ஏலக்காயும் போட்டு வைப்பது, வேண்டியதைக் காலையில் 3 தடவை, மதியம் 6 தடவை, ராத்திரி 9 தடவை எழுதுவது என்று இதில் வகைக்குப் பஞ்சமே இல்லை. என் தங்கைக்கு இதிலெல்லாம் ஈடுபாடு. நான் சிரித்தால், "நீ நம்ப மாட்டேங்கிற, அதான் உனக்கு வர மாட்டேங்குது" என்பாள். இந்தப் பதிலோடு மல்லுக்கட்டவே முடியாது. வந்தால் பிரபஞ்சம் கொடுத்தது, வராவிட்டால் நாம் கேட்ட விதம் சரியில்லை. நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். எந்தப் பக்கம் போட்டாலும் டேலி ஆகிற கணக்கைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

ஆனாலும் அவள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். ஊதுவதையும் கொளுத்துவதையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், கையில் இருப்பதைக் கண்ணைத் திறந்து பார், கொடுத்தவரை மறக்காதே என்பதுதான் மிச்சம். அதில் என்ன தப்பு? எண்ணம் பொருளை இழுக்கும் என்ற பேச்சு, ஈர்ப்பு விதி என்கிறார்களே, அது யூடியூபில் பிறந்ததும் இல்லை. அமெரிக்காவில் வாலஸ் வாட்டில்ஸ் என்பவர் பணக்காரர் ஆவதற்கும் ஒரு விஞ்ஞானம் உண்டு என்று 1910-லேயே புத்தகம் போட்டார், அதில் நன்றியுணர்வுக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. அடுத்த வருஷமே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

பிரபஞ்சத்தை விடுங்கள், மனுஷர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து 10 வாரம் எழுத வைத்தார்கள். ஒரு குழு அந்த வாரம் நன்றி சொல்லத் தோன்றியதை எழுதியது, இன்னொன்று எரிச்சல் மூட்டியதை, மூன்றாவது குழு சும்மா நடந்ததை. முதல் குழுவுக்குத் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதல் திருப்தி, வரப்போகும் வாரத்தைப் பற்றிக் கூடுதல் நம்பிக்கை. எரிச்சலை எழுதியவர்களைவிட உடற்பயிற்சியும் அதிகம் செய்திருந்தார்கள். யாருக்கும் லாட்டரி விழவில்லை, பார்க்கிற பார்வைதான் நகர்ந்தது. எனக்கு அது போதும்.

சரி, நான் எழுதும் நன்றி நோட்டுக்கு வருகிறேன்.

அப்பாவின் பழக்கம் என்னிடமும் ஒட்டிக்கொண்டது, வீட்டுச் செலவை இன்றைக்கும் நீள நோட்டில் கையால்தான் எழுதுகிறேன். பால், கேஸ், ஸ்கூல் வேன், மாத்திரை, வாடகை. இடது பக்கம் முழுக்க இதுதான், மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் பெருமூச்சு தவிர ஒன்றும் மிஞ்சாது. வலது பக்கம் காலியாகக் கிடந்தது. அதில் பில் இல்லாமல் வந்தவற்றை எழுத ஆரம்பித்தேன். எதிர் வீட்டிலிருந்து வந்த முருங்கைக்காய். மழை வந்தபோது நாங்கள் வீட்டில் இல்லாததைக் கவனித்து மொட்டை மாடித் துணியை எடுத்து வைத்த கீழ் வீட்டு அக்கா. அம்மாவுக்கு ராத்திரி மூச்சுத் திணறியபோது காரை எடுத்துக்கொண்டு வந்த கணவரின் சித்தப்பா மகன், காலையில் டீசலுக்குப் பணம் கொடுக்கப் போய் வாங்கிக்கட்டிக்கொண்டேன். செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் கெடு நெருங்கும்போது ஆபீஸில் தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது, அந்த நேரத்தில் என் பையனுக்குக் காய்ச்சல் என்றதும் என் ஃபைல்களையும் சேர்த்துத் தன் மேஜைக்கு இழுத்துக்கொண்டாள் பக்கத்து சீட்டுப் பெண். இதற்கெல்லாம் என்ன தொகை போடுவது? தொகைக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். அங்கே ஆடி மாதம் வந்தால் மொய் விருந்துதான் பேச்சு. கல்யாணமோ காதுகுத்தோ எதுவும் இல்லாமலே பந்தல் போட்டு ஆட்டுக்கறி விருந்து வைத்து, இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் செய்த மொய்யை ஒரே நாளில் திரும்ப வாங்குவார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கமும் இது உண்டு. பணம் எண்ணுகிற மெஷின், கம்ப்யூட்டர் ரசீது எல்லாம் வந்துவிட்டது. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, நோட்டில் பெயரும் தொகையும் மட்டும். ஒருவர் கையில் ஒரே நாளில் லட்சங்கள் வரும், அதை வைத்து போர் போடுவார், கடை வைப்பார், மகளைக் காலேஜில் சேர்ப்பார். தங்கையிடம் நான் சொல்வது இதைத்தான்: ஈர்ப்பு விதியைப் பார்க்க வேண்டுமென்றால் ஊருக்குப் போய் இதைப் பார். அந்த மனுஷன் வருஷக்கணக்காகக் கொடுத்துக்கொண்டே இருந்தார், அதனால் வருகிறது. இதில் கஷ்டமும் உண்டு, கடன் வாங்கி மொய் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், பாட்டுப் பாடுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மொய் நோட்டில் இருப்பதைத் திருப்பிச் செய்துவிடலாம், கொஞ்சம் கூட்டியும் செய்யலாம். என் வலது பக்கத்தில் இருப்பதை அப்படித் தீர்க்க வழியே இல்லை.

நன்றி நோட்டு எழுதிப் பார்த்துப் பாதியில் விட்டவர்கள் நிறைய பேர். காரணம் எனக்குத் தெரிந்தவரை ஒன்றுதான், "குடும்பத்துக்கு நன்றி, ஆரோக்கியத்துக்கு நன்றி" என்று எழுதினால் நாலாவது நாள் கைதான் எழுதும், மனசு வேறெங்கோ இருக்கும். யார், என்ன செய்தார், எப்போது என்று எழுதினால் அப்படி ஆவதில்லை. தினமும் எழுதியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. சோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற பேராசிரியர் கலிபோர்னியாவில் செய்த ஆய்வில் வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. சோம்பேறிகளுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா! நான் ஞாயிற்றுக்கிழமை மாவு அரைத்த பிறகு உட்காருவேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது, இதைப் பலர் சொல்வதில்லை. கிடைத்ததை நினைப்பதைவிட, அது கிடைக்காமலே போயிருந்தால் என்று நினைத்துப் பார்ப்பது. 2008-இல் வந்த ஒரு ஆய்வில், துணையை எப்படிச் சந்தித்தோம் என்று எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எழுதியவர்கள்தான் தங்கள் உறவில் கூடுதல் திருப்தியோடு இருந்தார்களாம். திருச்சியில் எங்கள் வீட்டுக் குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது, அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. 2019 கோடையில் சென்னையில் ஏரிகள் வற்றி, அங்கே இருக்கும் என் தோழி லாரித் தண்ணீருக்காக லீவு போட்டுக் காத்துக் கிடந்ததைக் கேட்ட பிறகு, குழாயைத் திறந்தால் ஒரு நொடியாவது நினைப்பு வரும். ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் பெண்கள் காதோலை கருகமணி வைத்து ஆற்றைக் கும்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வராத வருஷங்களில் அங்கே ஷவர் வைத்துக் கொடுத்ததும் உண்டு, அப்போதும் மணலில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அந்த மனசை எந்தப் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நமக்கு நன்றி உண்டு, வாய்விட்டுச் சொல்வதுதான் வராது. அம்மாவிடம் போய் "நன்றிம்மா" என்று சொல்லிப் பாருங்கள், உடம்புக்கு ஏதாவது பண்ணுதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம், ஒன்றும் இல்லையென்றால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவோம், அதோடு கணக்கு முடிந்தது. இது அழகான பழக்கம்தான், ஆனால் சில பேருக்குத் திருப்பிக் கொடுக்க நம்மிடம் பாத்திரமே இருக்காது. அவர்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். மார்ட்டின் செலிக்மன் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், சரியாக நன்றி சொல்லாமல் விட்டுப்போன ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களுக்கு ஏற்பட்ட சந்தோஷம் ஒரு மாதம்வரை நின்றது. சொல்வதற்கு முன்னால் நாம் கூச்சப்படுகிற அளவுக்குக் கேட்கிறவர் சங்கடப்படுவதில்லை, நாம் நினைப்பதைவிட அதிகம் மகிழ்கிறார் என்று 2018-இல் இன்னொரு ஆய்வும் வந்தது.

எனக்குப் ப்ளஸ் டூவில் கணக்குப்பதிவியல் எடுத்த டீச்சருக்கு ஒருநாள் போன் பண்ணினேன். அவர் கற்றுக்கொடுத்ததில்தான் இன்றைக்குச் சம்பளம் வாங்குகிறேன். பெயரைச் சொன்னதும், "யாருக்கும்மா விசேஷம், பத்திரிகை அனுப்புறியா?" என்றார். சும்மாதான் டீச்சர், நன்றி சொல்ல என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இப்பவாவது ஸ்கேல் வச்சு நேரா கோடு போடுறியா?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து தினமும் காலை 5 மணிக்கு வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வருகிறது, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அனுப்புகிறார் போல.

நல்லதையே நினை என்பதில் ஒரு வழுக்கல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 1991-இல் வந்தது. முடியும் என்று நம்பியவர்களுக்கு எடை அதிகம் குறைந்தது. ஒல்லியாகிவிட்ட மாதிரியே இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களுக்குக் குறைவாகத்தான் குறைந்தது. கிடைத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டால் உடம்பும் சரி, வேலை முடிந்தது என்று ஓய்வெடுத்துக்கொள்கிறது. அதனால் ஆசையோடு கூடவே குறுக்கே நிற்பது என்ன என்பதையும் எழுது, அது வந்தால் என்ன செய்வாய் என்பதையும் எழுது என்கிறார் அவர். "எண்ணிய எண்ணியாங்கு எய்துப" என்ற குறளை ஈர்ப்பு விதிக்காரர்கள் பெரிய எழுத்தில் போடுவார்கள், "எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்" என்ற நிபந்தனை பொடி எழுத்தாகிவிடும். அந்தக் குறள் இருக்கும் அதிகாரத்தின் பெயர் வினைத்திட்பம். எங்களுக்குச் சொந்த வீடு ஆசை. குறுக்கே நிற்பது முன்பணம், அதைவிடக் குறுக்கே நிற்பது தீபாவளி போனஸ் வந்ததும் ஜவுளிக்கடைக்கு ஓடும் என் கால். போனஸ் வந்த அன்றே ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுவது என்று எழுதி வைத்திருக்கிறேன், தபால் ஆபீஸில் 5 வருஷ ஆர்.டி. ஓடிக்கொண்டிருக்கிறது. தங்கை வீட்டுப் படத்தைப் பீரோவில் ஒட்டச் சொன்னாள், அதையும் ஒட்டியிருக்கிறேன். பாஸ்புக் பக்கத்தில் இருந்தால் படம் கெடுதல் செய்யாது.

அப்புறம் இன்னொன்று, இதை எழுதும்போதே கோபம் வருகிறது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் சம்பள உயர்வு கேட்டால், வேலை இருப்பதற்கு நன்றியோடு இருக்கப் பழகுங்கள் என்று முதலாளி வகுப்பு எடுப்பார். வீட்டிலும் இது உண்டு, ஒரு பெண் அலுப்பாக இருக்கிறது என்று வாயைத் திறந்தால் "உனக்கென்ன குறை" என்று நாலு பேர் வருவார்கள். அடுத்தவர் வாயை மூட நன்றியை எடுக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. நமக்கு வர வேண்டிய தொகையைக் கேட்டு வாங்கிவிட்டுத்தான் வலது பக்கத்தை எழுத உட்கார வேண்டும், இரண்டும் வேறு வேறு கணக்கு.

எங்கள் வீட்டில் இப்போது நடக்கும் வழக்கு கொசுறு பற்றியது. என் மாமியாருக்கும் இந்த நோட்டில் ஆர்வம் வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து நான் மறந்ததையெல்லாம் எடுத்துக் கொடுப்பார். தள்ளுவண்டியில் காய் வாங்கினால் கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் இரண்டு பச்சை மிளகாயும் பையில் விழும். அதை வலது பக்கம் எழுத வேண்டும் என்பது என் கட்சி. "அதெப்படி? அந்தத் தம்பி அதைத் தக்காளி விலையிலயே சேத்து வாங்கிருச்சு" என்பது அத்தையின் கட்சி. போன வாரம் அவசரத்துக்கு ஆன்லைனில் காய் வாங்கினோம், பில்லில் கறிவேப்பிலைக்குத் தனியாகக் காசு போட்டிருந்தார்கள். அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரெண்டு தரம் பார்த்துவிட்டு, "சரி, கறிவேப்பிலைய எழுதிக்க. மிளகாய் வராது" என்று சொல்லிவிட்டார்.