தின்னாதீங்க அத்தை

கூரியரில் வந்த பீங்கான் பரணியைப் பிரித்தால், சுற்றிலும் விரல் தடிமனில் வெள்ளை வெள்ளையாக என்னவோ.

"என்ன பொரி கண்ணு இது?" அத்தை ஒன்றை வாயருகே கொண்டுபோய்விட்டார்.

வாங்கி டம்ளர் தண்ணீரில் போட்டேன். ஓரம் நெகிழ்ந்து, கொழகொழத்து, கஞ்சித் தண்ணீர் ஆகிவிட்டது.

பார்சலில் பொருள் உடையாமல் இருக்கத் தெர்மாகோலுக்குப் பதில் போடும் மெத்தை இது, சோள மாவுச்சத்தை உப்பவைத்துச் செய்வது. உரக்குழியில் போட்டால் மட்கிவிடும். தெர்மாகோல் மட்குமா? ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகளுக்கு 2022 ஜூலை 1-இல் வந்த தடைகூட அலங்காரத் தெர்மாகோலுக்குத்தான், பார்சலுக்குள் வருவதற்கு இல்லை. (அது ஏனோ!)

ஆனால் கரைகிறதே என்று தின்னக் கூடாது. சாப்பாட்டுக்கான சுத்தத்தில் செய்வதில்லை.

அப்புறம், மாவுச்சத்து என்றால் குடோன் எலிக்கு விருந்து. பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் மழை குறைவான எங்கள் கொழிஞ்சாம்பாறையாவது பரவாயில்லை, பாலக்காட்டுக் கணவாய் தாண்டி மேற்கே இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பெட்டி நனைந்தால் பரணிக்கு மெத்தையே மிஞ்சாது.