பதினொன்றரை மணிப் பூட்டு

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரமாக உள்ள ஓர் அறையில் இருந்தபடி, சிங்கப்பூரில் ஓடும் 14 உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) சேவையகங்களை நானும் என்னுடன் வேலை பழகும் தம்பி ஒருவரும் பராமரிக்கிறோம். மென்பொருள் நிறுவுவதையும் புதுப்பிப்பதையும் பல சேவையகங்களுக்கு ஒன்றாகக் கட்டளை அனுப்பும் அன்சிபிள் என்ற கருவி மூலம் ஒரே கட்டளையில் செய்துவிடுவோம். கடந்த மாரியில் ஒரு கிழமை முழுவதும் அந்த வேலை ஒழுங்காக முடியவில்லை. ஒரு நாள் மூன்று சேவையகங்களில் பிழை வரும். மறுநாள் அந்த மூன்றும் தடையின்றி முடிய, வேறு இரண்டில் நின்றுவிடும்.

"அக்கா, மழைக்கு லைன் கட்டாகுது" என்றார் தம்பி. மாரி தொடங்கினால் இணைப்பு அறுவதும் மின்சாரம் போவதும் இங்கே வழமை என்பதால் நானும் அதையே நம்பினேன். ஆனால் இணைப்பு அறுந்திருந்தால், சேவையகத்தை அணுக முடியவில்லை என்றே அன்சிபிள் சொல்லியிருக்கும். எங்களுக்கு வந்ததோ, மென்பொருள் பொதிகளை நிறுவும் டிபிகேஜியின் பூட்டைப் (ஒரு நேரத்தில் ஒரு செயல்முறை மட்டும் நிறுவச் செய்யும் தடை) பெற முடியவில்லை, வேறொரு செயல்முறை அதை வைத்திருக்கிறது என்ற செய்தி. அந்தச் செயல்முறையின் எண்ணும், 'அன்அட்டெண்டட்-அப்கிர்' என்று பாதியில் வெட்டுப்பட்ட பெயரும் அதே வரியில் இருந்தன. உபுண்டு தானாகவே பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் போடும் நிரல் அது.

அதன் பிறகு பொதிகளைப் பதிவிறக்கி டிபிகேஜியிடம் கொடுக்கும் ஏபிடியின் வரலாற்றுப் பதிவைத் திறந்து, ஒவ்வொரு சேவையகத்திலும் அந்த நிரல் தொடங்கிய நேரத்தைக் கொப்பியில் எழுதினோம். 06:17, 06:41, 06:52. எல்லாம் காலை ஆறுக்கும் ஏழுக்கும் இடையில். சேவையகங்களின் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே. ஆகவே அங்கே காலை 6 மணி என்பது கிளிநொச்சியில் முற்பகல் 11:30. சரியாக நாங்கள் நிறுவல் வேலையைத் தொடங்கும் நேரம். எல்லா இயந்திரங்களும் ஒரே நொடியில் பதிவிறக்கத் தொடங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த நிரலைத் தொடக்கும் நேரக்கணிப்பி 60 நிமிடம் வரை எழுந்தமானமாகத் தாமதிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நாளுக்கு நாள் வெவ்வேறு சேவையகங்கள் தோற்றதன் காரணம் அதுதான்.

இதற்கிடையில் ஒரு சேவையகத்தில் தம்பி பூட்டுக் கோப்புகளையே அழித்துவிட்டார். பலர் சொல்லும் வைத்தியம் அது. ஆனால் மிகவும் ஆபத்தானது. அந்தக் கோப்பு எப்போதும் அங்கேயேதான் கிடக்கும். கோப்பு இருப்பதனால் பூட்டு விழுந்திருக்கிறது என்று ஆகாது. திறந்த கோப்பின்மேல் இயங்கும் செயல்முறை பிடித்திருக்கும் பிடியே பூட்டு. செயல்முறை முடிந்தால் இயங்குதளத்தின் கருவான கேர்னல் அதைத் தானாகவே விடுவிக்கும். கோப்பை அழித்தால் அடுத்து வரும் செயல்முறை புதுக் கோப்பொன்றை உருவாக்கி அதன்மேல் தன் பூட்டைப் போட்டுக்கொள்ளும். இரண்டும் ஒரே பொதித் தரவுத்தளத்தில் ஒரே நேரத்தில் எழுதும். எங்களுக்கும் அதுவே நடந்து, சில பொதிகள் பாதி நிறுவிய நிலையில் நின்றன.

நின்றவற்றை அமைத்து முடிக்கும்படி டிபிகேஜிக்குக் கையால் கட்டளை கொடுத்தபோது, நாங்கள் மாற்றியிருந்த எஞ்சினெக்ஸ் (வலைச் சேவையக மென்பொருள்) அமைவுக் கோப்பை வைத்திருப்பதா, பொதியுடன் வந்ததை எடுப்பதா என்று கேட்டது. எங்களுடையதையே வைத்தோம், புதியது பக்கத்திலேயே வேறு பெயரில் சேமிக்கப்படும், ஆறுதலாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடலாம் என்று தம்பி கேட்டார். நான் சம்மதிக்கவில்லை; இரவில் வரும் பாதுகாப்பு ஓட்டையை அடைக்க நாங்கள் விழித்திருக்கப் போவதில்லை. மாறாக, எங்கள் வேலையைப் பிற்பகல் 3 மணிக்கு மாற்றி, அன்சிபிள் பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தை இயல்பான 60 விநாடியிலிருந்து 600 ஆக்கினேன். புதிய சேவையகம் முதன்முதல் எழும்பும்போதும் இதே பூட்டு விழலாம் என்பதால், தொடக்க அமைப்பு முடியும்வரை காத்திருக்கும் பணி ஒன்றையும் முதலாவதாகச் சேர்த்தேன். அன்சிபிளையும் எங்கள் மடிக்கணினியிலிருந்து எடுத்து, சிங்கப்பூரிலேயே ஒரு சிறு இயந்திரத்தில், எங்கள் இணைப்பு அறுந்தாலும் தொடர்ந்து ஓடும் டீமக்ஸ் அமர்வுக்குள் ஓடவிட்டோம்.

அடுத்த கிழமை உண்மையாகவே லைன் போனது, இரண்டு தடவை. மீண்டும் இணைந்து அமர்வைத் திறந்தபோது 14 சேவையகங்களும் பிழையின்றி முடிந்திருந்தன.