சின்ன ஸ்டெப்னி: எங்கே மாட்டுவது, எவ்வளவு காற்று, எப்படி ஓட்டுவது

டிக்கியின் அடித்தரையைத் தூக்கிப் பார்க்காமலேயே ஆண்டுக்கணக்கில் கார் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். பஞ்சர் ஆன பிறகுதான் ஸ்டெப்னி மற்ற நான்கு சக்கரங்களைவிடச் சின்னது என்று தெரியவருகிறது. ரிம்மில் மணிக்கு 80 கி.மீ. வேகம்தான் என்று ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் சாலையோரத்தில் பதற்றம் பாதியாகும்.

சின்ன ஸ்டெப்னியில் இரண்டு வகை உண்டு. நம் நாட்டில் அதிகம் வருவது, அலாய் வீலைவிட ஓர் அங்குலம் சின்ன இரும்பு ரிம்மில் சாதாரண டயர் மாட்டியது. இன்னொன்று தற்காலிக உபயோகத்துக்கென்றே செய்த ஒல்லி டயர். அதன் பக்கச்சுவரில் அளவுக்கு முன்னால் ஆங்கில 'டி' எழுத்து இருக்கும். உதாரணமாக டி125/70 ஆர்16. இரண்டும் ஒன்றல்ல என்பது கணக்குப் போட்டால் தெரியும். அளவின் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், கடைசி எண் ரிம்மின் அங்குலம். அகலத்தை அடுத்த எண்ணால் பெருக்கி நூறால் வகுங்கள், இரட்டிப்பாக்குங்கள், அதோடு ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். டயரின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 195/55 ஆர்16 டயருக்கு விட்டம் 621. 185/65 ஆர்15 ஸ்டெப்னிக்கும் ஏறத்தாழ அதேதான். ரிம் சின்னது, உருளும் அளவு சமம். ஆனால் 205/55 ஆர்16 இருந்த இடத்தில் டி125/70 ஆர்16 மாட்டினால் 632-க்குப் பதில் 581. கார் அந்த மூலையில் 25 மி.மீ. தாழும். அந்தச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு நாற்பது சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்றும்.

அந்தக் கூடுதல் சுற்று எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். எஞ்சின் இழுக்கும் அச்சில் ஸ்டெப்னி இருந்தால், நேர்ச்சாலையிலும் கார் ஓயாமல் வளைவில் திரும்புவதுபோல டிஃபரன்ஷியலின் (இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் கியர் அமைப்பு) உள் கியர்கள் உழைத்துக்கொண்டே இருக்கும். சாதாரண டிஃபரன்ஷியல் கொஞ்ச தூரம் தாங்கும். ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் வகையில் கிளட்ச் தட்டுகள் சூடாகித் தேயும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் சக்கர விட்டம் மாறியிருக்கும்போது நான்கு சக்கரங்களையும் சேர்த்து இழுக்கவைக்கும் 4எச் நிலையைத் தொடவே கூடாது.

நம் ஊர் ஹேட்ச்பேக்குகளும் சிறிய செடான்களும் பெரும்பாலும் முன்சக்கர இழுவை. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால்தான் சாய்கிறது, ஸ்டீயரிங்கும் அங்கேதான். ஆகவே முன்சக்கரம் பஞ்சரானால் ஒல்லி ஸ்டெப்னியை அங்கே மாட்டாதீர்கள். முதலில் பின்பக்கம் ஜாக்கி வைத்து நல்ல சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியை அங்கே மாட்டி இறக்குங்கள். பிறகு முன்பக்கம் தூக்கி, பஞ்சர் சக்கரத்தை எடுத்துவிட்டு அந்த நல்ல சக்கரத்தைப் போடுங்கள். இருபது நிமிடம் கூடுதல் வேலைதான், செய்யத் தகுந்த வேலை. ஒரே விதிவிலக்கு: லாரிகள் உரசிக்கொண்டு போகும் இடத்தில் நின்றிருந்தால் எந்த மூலை பஞ்சரோ அங்கேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். முப்பது நாற்பது வேகத்தில் அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய், அங்கே இடம் மாற்றிக்கொள்ளலாம். தேசிய நெடுஞ்சாலையில் உதவி வேண்டுமானால் 1033.

கழற்றும் முறை பலருக்கும் தெரியும், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சமதரை, ஹேண்ட்பிரேக், கியர், எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்த வேண்டும். கழற்றியதைக் காருக்கடியில் படுக்கவைத்தால், ஜாக்கி சாய்ந்தாலும் கார் தரையில் விழாது. அலாய் வீல் துருவால் ஹப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஜாக்கியில் நிற்கும் வண்டியை உதைக்கக் கூடாது. நட்டுகளை லேசாகக் கைமுறுக்கில் விட்டு, வண்டியை இறக்கி, இரண்டடி உருட்டினால் தானே விடும்.

கவனிக்கப்படாத ஒன்று நட்டு. சில கார்களில் அலாய் வீலுக்குத் தட்டையான வாஷர் நட்டு, இரும்பு ரிம்முக்குக் கூம்பு நட்டு. தப்பானதை முறுக்கினால் இறுகியதுபோல் தோன்றும், ஓட ஓட லூசாகும். கையாலேயே ஆறு ஏழு சுற்றாவது இறங்க வேண்டும். பிறகு எதிரெதிராக முறுக்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற முறுக்குவிசை அளவு, சிறிய கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர்வரை, கையேட்டில் இருக்கும். ஸ்பேனர்மேல் ஏறி மிதிக்கும் அளவுக்குத் தேவையில்லை. ஓடத் தொடங்கி 50 கி.மீ.க்குள் ஒருமுறை நிறுத்தி மறுபடி பாருங்கள்.

காற்றுக்கு வருவோம். ஒல்லி டயருக்கு 60 பி.எஸ்.ஐ. வேண்டும். மற்ற சக்கரங்களைப்போல 32 அடித்தால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடாகி வெடிக்கும். பங்கில் ஏர் அடிப்பவர் 60 என்றதும் தயங்குவார். பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பதைக் காட்டுங்கள். சாதாரண டயர் வகை ஸ்டெப்னிக்கு ஓட்டுநர் கதவருகே உள்ள ஸ்டிக்கர்தான் கணக்கு. அதில் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாக வைத்திருந்தால் மாட்டிய பிறகு குறைத்துக்கொள்ளலாம். சாலையோரத்தில் ஏற்றுவதுதான் கஷ்டம்.

ஓட்டும்போது 80 என்பது உச்சவரம்பு. ஈரச்சாலையில், முழுப் பாரத்தில், மலைப்பாதையில் 60 போதும். ஒல்லி டயர் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும் என்பார்கள். அது உண்மையென்றாலும், டயரின் மேற்பரப்பில் உள்ள வெட்டுகளின் ஆழம் குறைவு, தரையைப் பிடிக்கும் பரப்பும் குறைவு. பிரேக் அடித்தால் கார் அதிக தூரம் ஓடும், ஒரு பக்கம் இழுக்கவும் செய்யும். ஆகவே முன்னால் போகும் வண்டியிடமிருந்து வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். வேகத்தடைகளை நேராக, நடை வேகத்தில் கடக்க வேண்டும். அந்த மூலை தாழ்ந்திருக்கிறது. ஏபிஎஸ், டயர் அழுத்த விளக்குகள் எரியலாம். ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றுவதாலும் ஸ்டெப்னியில் சென்சார் இல்லாததாலும் வருவது அது. இரண்டு ஒல்லி ஸ்டெப்னிகளை ஒரே நேரத்தில் மாட்டுவது, இழுவை வண்டி கட்டுவது இரண்டும் வேண்டாம்.

தூரத்துக்குச் சில தயாரிப்பாளர்கள் 80 கி.மீ. என்று வரம்பு வைக்கிறார்கள். சென்னையில் பஞ்சரானதை மதுரையில் ஒட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஆபத்து. இன்னொரு சங்கடம்: கழற்றிய பெரிய சக்கரம் ஸ்டெப்னிக் குழியில் அடங்காது. டிக்கி நிறைந்திருந்தால் பின் இருக்கையில்தான் போகும். சீட் பெல்ட்டால் கட்டிவையுங்கள். சடன் பிரேக்கில் பதினைந்து இருபது கிலோ எடை முன்னால் பாயும்.

பஞ்சர் கடையில் டயரை ரிம்மிலிருந்து பிரித்து உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றில்லாமல் ஓடியிருந்தால் உள்ளே கருப்புத் தூளும் வளையம் வளையமாய்த் தேய்மானமும் இருக்கும். அதை ஒட்டிப் பயனில்லை. ஸ்டெப்னியைத் திரும்ப வைக்குமுன் காற்றை நிரப்பிவிட்டுப் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. பத்து ஆண்டு தாண்டியிருந்தால், ஒருமுறைகூடத் தரையில் உருளாத டயராக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.