நோட்டின் வலது பக்கம்

எம்.ஏ. சமூகவியல் இறுதியாண்டு புராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம், கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் வாங்கி விற்கும் பெண்களின் வருமானம். ஏப்ரல் 15-இல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கிவிடும், ஜூன் 14 வரை 61 நாள். அதற்கு முன் களப்பணியை முடிக்க ஜனவரி கடைசியிலேயே இறங்கினேன். கூடவே தினமும் ஒரு சிந்தனைக் குறிப்பேடு எழுதச் சொன்னார் கைட் மேடம். பார்த்ததும் கேட்டதும் களக்குறிப்பில் வந்துவிடும். அங்கே நான் எப்படி நடந்துகொண்டேன், ஏன் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டேன் என்பதெல்லாம் இதில் வர வேண்டும்.

நடந்ததைத் திரும்பிப் பார்த்து யோசிக்க, 1988-இல் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் வகுத்த ஆறு படிகளை ஒரு தாளில் தந்தார்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது சரி எது தவறு, ஏன், என்ன புரிந்தது, அடுத்த முறை என்ன செய்வேன். இரண்டு வாரம் கட்டம் போட்டு நிரப்பினேன். "உணர்வு: பதற்றம். அடுத்த முறை: பதற்றப்படக் கூடாது." எல்லா நாளும் இதே வரிதான். பெரிய சறுக்கல் நடந்த நாளுக்கு அந்த ஆறு படி நன்றாக உதவும். தினசரிக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

அப்புறம் நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன். நோட்டின் இடது பக்கம் நடந்தது, நேரத்தோடு. வலது பக்கம் மனதில் ஓடியது, எதையும் வடிகட்டாமல். பஸ்ஸில் போனில் பேசிப் பதிந்துகொண்டு, இரவு தூங்கும் முன் எழுதிவிடுவேன். ஒரு நாள் தள்ளிப்போட்டால் பாதி மறந்துவிடும். ஆய்வேடு ஆங்கிலத்தில், நோட்டு மட்டும் தமிழில். யார் பெயரையும் எழுதவில்லை. நோட்டு தொலைந்து யார் கையிலாவது கிடைத்தால், கடன் விவரம் சொன்ன பெண்ணுக்குச் சங்கடம். அதனால் வஞ்சிரம் அக்கா, சங்கரா அக்கா என்று மீன் பெயராகவே வைத்தேன்.

முதலில் தெரியவந்தது என் கேள்வியின் கோளாறு. "ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான் எல்லோரிடமும் ஆரம்பித்திருக்கிறேன். "என்னத்தக் கிடைக்கும்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். வசூலுக்கு வந்தவள் மாதிரி கேட்டிருக்கிறேன் என்று வலது பக்கத்தில் எழுதிய பிறகு, "இன்னைக்கு என்னக்கா மீனு?" என்று தொடங்கினேன். கணக்கு தானாக வந்தது.

ஐந்தாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பச்சைப் பேனாவோடு மொத்தத்தையும் திரும்பப் படித்தேன். வலது பக்கத்தில் ஒரே புலம்பல். "இன்றும் லேட். நெல்லிக்குப்பத்தில் ஏறி, கடலூர் பஸ் ஸ்டாண்டில் மாறி, முதுநகர் சேர எட்டே கால்." இன்னொரு நாள்: "பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். உட்கார்ந்து விற்பவர்களிடம் பேசினேன்." நடுவில் ஒரு விடுமுறை நாள்: "மீன்காரம்மா ஒன்பதரைக்குத் தெருவுக்கு வந்தார். அம்மா நெத்திலி வாங்கினார்."

அந்த வரியில் பேனா நின்றுவிட்டது. எழுதிய நேரங்களைச் சரிபார்த்தேன். 19 பேட்டிகளும் எட்டு மணிக்குப் பிறகு எடுத்தவை. பத்தொன்பது பேருமே துறைமுகத்தில் உட்கார இடம் உள்ளவர்கள். ஊர் ஊராகக் கூடை சுமப்பவர் ஒருவர்கூட என் கணக்கில் இல்லை. எங்கள் வீட்டு வாசலில் கூடை இறக்கியவரும் இல்லை.

அடுத்த முறை அவர் வந்தபோது கேட்டேன். "நாலு மணிக்கு ஏலம் எடுத்து ஆறுக்கெல்லாம் ஷேர் ஆட்டோ ஏறிடுவேன் பாப்பா. நீ அங்க போற நேரத்துக்கு நான் பாதித் தெரு சுத்தியிருப்பேன்" என்றார்.

அன்றைக்குக் கிப்ஸின் ஆறு படிகளையும் ஒழுங்காக எழுதினேன். கைட் மேடத்திடம் காட்டியபோது பயமாகத்தான் இருந்தது. அவர் பழைய பேட்டிகளைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை, தனியாக வைக்கச் சொன்னார். முதுநகரில் தோழி வீட்டில் நான்கு இரவு தங்கி, இருட்டோடு ஏலத்துக்குப் போனேன். அந்த நேரத்தில் நின்று பேச யாருக்கும் நேரமில்லை. அதனால் இரண்டு நாள் ஷேர் ஆட்டோவில் கூடவே போனேன். பதினோரு பேர் பேசினார்கள். ஏலத்துக்குக் கொடுத்தது, ஐஸ், ஆட்டோ, இதற்கெல்லாம் மேலே தண்டல் கடன். காலையில் தண்டலுக்கு வாங்கிய பணத்தில் மீன் எடுத்து, விற்றதில் முதலில் அதைக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு அரிசி. உட்கார்ந்து விற்பவர்களிடம் கேட்டபோது இந்தச் சொல் இரண்டு முறைதான் வந்திருந்தது.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "முதல் 19 பேட்டிகள் ஏன் தனி அட்டவணையில் இருக்கின்றன?" என்று கேட்டார். பச்சை மையில் கோடு போட்ட அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். நோட்டை மூடாமலேயே, "சரி, தண்டலைப் பற்றிச் சொல்லும்மா" என்றார்.